ஸ்டாண்டர்டு ஹெரால்டு
தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான இங்கிலாந்துக் கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 1950களின் தொடக்கத்தில் விஞ்ஞாலே பட்டறை உடல்கட்டிய பல ஃபெராரிகளை வரைந்ததும் இவரே. ஆகவே இந்தக் குடும்பக் காரையும் இத்தாலிய வேகக் கார்களின் உறவாகவே பார்க்க வேண்டும். கூர்மையான பக்க விளிம்பு, மெல்லிய கூரைத் தூண்கள், அகன்ற கண்ணாடிகள் என ஒட்டு அலங்காரத்தை நம்பாமல் கோட்டிலேயே அழகைக் கொண்டுவந்திருக்கிறார்.

948 சி.சி. என்ஜின், மணிக்குச் சுமார் 110 கி.மீ. வேகம், இதையா ஃபெராரியோடு சேர்ப்பது என்று கேட்கலாம். வேகத்தில் ஒப்பே இல்லைதான். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தது. முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்புவதால் சுமார் 7.6 மீட்டர் விட்டத்துக்குள் வண்டி வட்டமடிக்கும். பானெட்டும் மட்கார்டுகளும் ஒன்றாக முன்னோக்கித் திறக்க, என்ஜின் முழுதும் மெக்கானிக்கின் கைக்கு எட்டும் (இன்றைய கார்களில் இந்த வசதி ஏது!). வளைவில் வேகமாகச் சென்று ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்சக்கரம் உள்மடிந்து பிடி தளரும். அது மறுக்க முடியாத குறை. தனிச் சட்டகத்தின் மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பொருத்தும் கட்டமைப்பு, மாற்றங்களுக்கு இடம் தந்தது. 1968இல் வண்டலூர் இதற்கு நான்கு கதவுகள் வைத்தது. பிறந்த நாடான இங்கிலாந்தில் அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வரவே இல்லை.