வெந்நீரில் மின் சிக்கனம்

மும்பையில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற வேண்டியதில்லை. ஆயினும் செம்பூர் திலக் நகர் போன்ற குடியிருப்புகளில் குளிப்பதற்கான வெந்நீர் மின் செலவைக் கூட்டிவிடுகிறது. 20 லிட்டர் நீரை 22 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.42 யூனிட் மின்சாரம் தேவை. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு வாளி எனில், மாதத்திற்குச் சுமார் 50 யூனிட் ஆகும். மின் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக உயர்வதால் சுமை மேலும் பெருகும்.

இதனைக் குறைக்க வழி உண்டா? உண்டு. கீசரை நாள் முழுதும் இயங்கவிட்டால், கலத்திலிருந்து வெப்பம் கசிந்துகொண்டேயிருக்கும். ஆறிய நீரையே அது திரும்பத் திரும்பச் சூடாக்கும். குளிப்பதற்குச் சற்று முன்னர் இயக்கி, அனைவரும் அடுத்தடுத்துக் குளித்தபின் நிறுத்திவிடுவதே சிக்கனம். மொட்டை மாடியில் இடமிருப்பின், குடியிருப்போர் கூட்டாகச் சூரிய வெந்நீர் சாதனம் அமைத்துக்கொள்வது நிலையான பயன் தரும்.