வாலில் இருந்த செய்தி

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் என் மாணவன், பழைய நிண்டெண்டோ ஆட்டங்களை ‘ரெட்ரோஆர்ச்’ நிரலின் துணைகொண்டு கணினியில் ஆடுவான். கோப்புப் பெயர்களின் வாலிலே பிறைக்குறிக்குள் நாட்டுப்பெயர் தொங்கக் கண்டு, “வெட்டிவிடு, தம்பி” என்றேன். மறுநாள் முகம் வாடி வந்தான்.

“ஐயா, செல்டாவில் சேமித்ததெல்லாம் போய்விட்டது!”

அவ்வாட்டம் 1986இல் யப்பானில் வட்டாகவும், 1987இல் அமெரிக்காவில் மின்கலம் பொருத்திய பேழையாகவும் வெளிவந்தது. அம்மின்கலம் காத்த நினைவை இன்று காப்பது ஒரு தனிக்கோப்பு. அஃது ஆட்டக் கோப்பின் பெயரையே தாங்கும். ஒன்றன் பெயரை மாற்றினால் மற்றது துணையிழக்கும். மாற்றுவதாயின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய பெயரை இட்டதும் சேமிப்பு மீண்டது.

வாலென்று யான் இகழ்ந்ததோ பதிப்புக் குறிப்பு! இரு நாட்டுப் பதிப்புகளும் முற்றும் ஒன்றல்ல. சுவடிகளிற் பாடபேதம் பார்க்கக் கற்பிக்கும் எனக்கு இது தோன்றாமற் போயிற்றே. இப்போது அவன் கோப்புகளில் யான் கைவைப்பதில்லை.