தொழிலாளியின் சொல்லும் விதிநூலின் சொல்லும்: பட்டாசுத் தொழில்சார் இணையதளத்திற்குத் தகவல் தேடுசொற்களைக் கண்டறிதல்

ஆய்வுச்சுருக்கம்
குறிப்பிட்ட ஒரு துறைக்கென அமையும் இணையதளம், தன் வாசகர் எச்சொற்களால் தகவல் தேடுகின்றனர் என்பதை அறிந்தே உள்ளடக்கத்தைத் திட்டமிட வேண்டும். விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்சொற்களைக் கண்டறியும் முறையையும், தேடல் கருவிகள் வட்டாரத் தொழில்வழக்கைக் காணத் தவறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேடுசொல், தகவல் நாட்டம், குழூஉக்குறி, பட்டாசுத் தொழில், ஏழாயிரம்பண்ணை.

முன்னுரை
சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வானம் பார்த்த நிலப்பகுதியில் பட்டாசுத் தொழில் பல குடும்பங்களின் வாழ்வாதாரமாக உள்ளது. இங்குப் பாதுகாப்புச் செய்தி உரியவரைச் சென்றடைவது உயிரோடு தொடர்புடையது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலின், தொழிலாளர்க்கென எழுதப்படும் பக்கம் அவர்கள் தேடும் சொல்லுக்கு அகப்படுமா என்பது ஆய்வுக்குரிய வினாவாகிறது.

தேடலின் நோக்கம்
ஆந்திரே பிராடர் 2002-இல் இணையத் தேடல்களை மூவகையாகப் பகுத்தார். தகவல் அறிய விழைவது, குறிப்பிட்ட தளத்தை அடைய விழைவது, வாங்குதல் போன்ற செயலை முடிக்க விழைவது என்பன அவை. 'சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல்' என்பது மூன்றாம் வகை. 'சரவெடிக்கு ஏன் தடை' என்பது முதல் வகை. ஏன், எப்படி, எவ்வளவு, என்றால் என்ன ஆகிய வினாவடிவங்கள் முதல் வகையை இனங்காண உதவும். தீபாவளியை ஒட்டி மூன்றாம் வகைத் தேடல்கள் பெருகுவது இயல்பு. தகவல் தளம் அப்பெருக்கைத் தனக்குரிய வாசகரின் தேவையெனக் கொள்ளலாகாது.

இருவகைச் சொற்கள்
தொழில்சார் குழுவினர் தமக்குள் வழங்கும் சொற்களை நன்னூல் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் அடக்கும். தேடுசொல் ஆய்வுக்கு இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது. விதிநூல் 'பேரியம் நைட்ரேட்' என்பதைத் தொழில்வழக்கு 'பச்சை உப்பு' என்கிறது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால், அது வழங்கும் உரிமம் 'நாக்பூர் லைசென்ஸ்' எனப்படுகிறது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மிகாத அளவில் பட்டாசு செய்ய மாவட்ட நிருவாகம் வழங்கும் உரிமம் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' ஆகிறது. விதிநூற் சொல்லை மட்டும் ஆளும் பக்கம் இச்சொற்களால் தேடுவோர்க்கு எளிதில் அகப்படாது.

சொல்லொற்றுமை மயக்கமும் தரும். உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பு பசுமைப் பட்டாசுகளை அனுமதித்து, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. 'பசுமைப் பட்டாசு' அனுமதிக்கப்பட்டது. 'பச்சை உப்பு' தடைசெய்யப்பட்டது. இரண்டையும் பிரித்து விளக்குவது தனியொரு பக்கத்திற்குரிய பொருளாகும்.

எழுத்துவடிவ வேறுபாடுகளையும் தொகுத்தல் வேண்டும். 'ஏழாயிரம்பண்ணை' பிரித்தும் எழுதப்படுகிறது. 'பசுமைப் பட்டாசு' ஒற்று மிகாமலும் உள்ளிடப்படுகிறது. பட்டாசில், பட்டாசுக்கு என வேற்றுமை உருபேற்ற வடிவங்களும் உள்ளன.

கருவிகளும் அவற்றின் எல்லையும்
தேடுபொறியின் தானியங்கிப் பரிந்துரைகள், தொடர்புடைய வினாக்கள், கூகுள் டிரெண்ட்ஸ், தளத்திற்குரிய சர்ச் கன்சோல் அறிக்கை ஆகியவை தொடக்கத் தரவுகளைத் தரும். எனினும், கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான அளவு ஒப்பீட்டளவேயன்றித் தேடல்களின் எண்ணிக்கையன்று. மிகக் குறைந்த தேடல்கள் அதில் சுழியமாகத் தோன்றும். சர்ச் கன்சோலும் அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி மறைக்கிறது. ஆகவே சுழியம் என்பது தேவையின்மைக்குச் சான்றாகாது. அவ்விடைவெளியை நாளிதழ்களின் மாவட்டச் செய்திகள், பாதுகாப்புப் பயிற்சிகளில் எழும் வினாக்கள், தொழிலாளரின் நேர்ப்பேச்சு ஆகியவற்றைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

சொல்லிலிருந்து பக்கத்திற்கு
திரட்டிய சொற்களை வினாவின் அடிப்படையில் தொகுத்து, ஒரு வினாவுக்கு ஒரு பக்கம் என அமைத்தல் நன்று. தலைப்பில் தொழிலாளியின் சொல்லும், முதற்பத்தியில் அதற்கீடான விதிநூற் சொல்லும் இடம்பெறின் இருதிறத்தாரும் அப்பக்கத்தை அடைவர். ஆயினும், தேடப்படும் அனைத்திற்கும் கேட்டவாறே விடையளித்தல் தகாது. 'திரி தயாரிப்பது எப்படி' என்பதும் தகவல் தேடலே. உரிமமின்றி வீடுகளில் திரி செய்வது குற்றமும் உயிர்க்கேடும் ஆதலால், அச்சொல்லுக்குரிய பக்கம் செய்முறையைத் தவிர்த்து ஆபத்தையும் சட்டநிலையையும் எடுத்துரைக்க வேண்டும்.

முடிவுரை
தேடுசொல்லைக் கண்டறிதல் விளம்பரத் துறைக்கு மட்டும் உரிய நுட்பமன்று. அது வட்டார வழக்காய்வின் ஒரு பகுதியுமாகும். கருவி எண்ணிக்கையைக் காட்டும். எச்சொல்லை அதில் இட்டுப் பார்ப்பது என்பதைத் தொழிற்களமே கற்பிக்கும். பட்டாசுத் தொழிலின் குழூஉக்குறிகளை விதிநூற் சொற்களுடன் இணைத்துத் தொகுப்பது, அகராதியியலுக்கும் தொழிலாளர் பாதுகாப்புக்கும் ஒருங்கே பயன்தரும் பணியாகும்.