வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்பது யார் பொறுப்பு?

சித்தூர், திருப்பதி பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வீடு மாறும் நேரத்தில் வரும் தலைவலி, அட்வான்ஸ் பணம். "சுவர் கெட்டுப் போயிற்று, பெயிண்ட் அடிக்க வேண்டும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொள்வதுண்டு. இது நியாயமா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவின்படி, குடிவந்தபோது வீடு இருந்த அதே நல்ல நிலையில் அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால், நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் இதில் சேராது. நாளடைவில் பெயிண்ட் வெளுப்பதும் சுண்ணாம்பு உதிர்வதும் தேய்மானமே. டிரில் போட்டுக் காரை பெயர்ந்த சுவரும், பிள்ளைகள் கிறுக்கிய சுவரும் நம் பொறுப்பு. மொட்டைமாடி ஒழுகி வந்த ஈரக்கறைக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறுவிதமாக இல்லாதபோதுதான் இந்தப் பிரிவு செல்லும். "காலி செய்யும்போது பெயிண்ட் அடித்துத் தர வேண்டும்" என்று எழுதி நாம் கையெழுத்திட்டிருந்தால் அதுவே நம்மைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் தெலுங்கில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் வரிக்கு வரி கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய், சுவிட்சு, தாழ்ப்பாள், கண்ணாடி ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்புக்கான அட்வான்ஸ் 2 மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும் கூறுகிறது. இது மாநிலங்களுக்கு ஒரு மாதிரி மட்டுமே, தானாகக் கட்டுப்படுத்தாது. எனினும் பேசி முடிக்கும்போது எடுத்துக்காட்ட உதவும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. குடிபுகும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து, உள்ள குறைகளை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

2. ஒப்பந்தத்தில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

3. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று ஒத்துக்கொண்டால், ஆணித் துளைகளுக்குத் தனியாகப் பிடிக்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள்.

4. காலி செய்யுமுன் துளைகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டு, வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். பிடித்தம் செய்தால் பில் கேளுங்கள்.

பேச்சில் தீராவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே லோக் அதாலத்தில் சமரசம் பேச வழியுண்டு, அதற்குக் கட்டணமில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அட்வான்ஸ் என்பது நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதும் அதுவே. வரும்போதே எழுதி வைத்தால், போகும்போது மனக்கசப்பின்றி அதைத் திரும்பப் பெறலாம்.