கடிமரமும் அயர்லாந்தின் குலமரமும்

செட்டிநாட்டுக் கோவிலூரைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்கள் சிலவற்றில் மரமும் செடியும் இடம்பெறக் காண்கிறோம். காரையால் காரைக்குடியும், இலுப்பையால் இலுப்பைக்குடியும் பெயர் பெற்றன என்பர். கோயிலுக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பினைத் தலமரங்கள் காட்டும். ஐரோப்பாவின் மேலைக்கோடியிலுள்ள அயர்லாந்திலும் இத்தகைய வழக்கு உண்டு. அங்குள்ள கில்டேர் என்னும் ஊர்ப்பெயருக்கு ஐரிய மொழியில் 'ஓக் மரக் கோயில்' என்பது பொருள். இவ்வொப்புமையால் சங்க இலக்கிய ஆய்வுக்கு விளையும் பயன் யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

பண்டைத் தமிழ் வேந்தர்க்கும் குறுநில மன்னர்க்கும் காவல் மரம் இருந்தது. அதனைக் கடிமரம் என்றனர். பகைவர் அதனை வெட்டுதல் அம்மன்னனுக்குப் பெரும் பழியாயிற்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது கடம்பினைத் தடிந்து முரசு செய்தமையைப் பதிற்றுப்பத்து கூறுகிறது. செங்குட்டுவன் பழையனது வேம்பினை வெட்டினான். நன்னனது மாமரத்தைக் கோசர் வீழ்த்தினர் என்பது குறுந்தொகையால் அறியப்படும். கருவூரை முற்றிய கிள்ளிவளவனிடம் ஆலத்தூர் கிழார் கூறுவது இவற்றினும் கருதத்தக்கது. காவுகளில் மரம் வெட்டப்படும் ஓசை தன் மனையளவும் கேட்பவும் அரணுள் வாளா இருப்பவனோடு பொருதல் நாணத்தக்கது என்பது அப்புறப்பாட்டின் கருத்து.

அயர்லாந்தில் இத்தகைய மரத்தைப் 'பிலெ' என்பர். குலத்தலைவனுக்கு முடிசூட்டும் இடங்கள் சிலவற்றில் அது நின்றது. ஊர்களின் தொல்கதைகளைத் தொகுத்துரைக்கும் 'தின்ஷெனகஸ்' என்னும் இலக்கியம் ஐந்து பெருமரங்களைப் போற்றுகிறது. அதனை நம் தலபுராணங்களோடு ஒப்பிடலாம். அந்நாட்டுத் துறவிமடங்களில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்புகள் மரம் வெட்டப்பட்ட செய்திகளை ஆண்டோடு தருகின்றன. 982-இல் தாரா வேந்தன் மாயெல் செக்னல், தால் கஷ் குலத்தாரின் முடிசூட்டு இடமாகிய மாக் அதைரில் நின்ற மரத்தை வெட்டினான். 1099-இல் வடபுலத்துக் கெனேல் ஓகன் குலத்தார் படையெடுத்தபோது, உலத் குலத்தாரின் கிரேவ் துல்கா மரம் வீழ்த்தப்பட்டது. 1111-இல் உலத் குலத்தார் பகைவரின் முடிசூட்டு இடமாகிய டல்லஹோக் சென்று, அங்கிருந்த மரங்களை வெட்டினர்.

இவ்விருவகைச் சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஐரியக் குறிப்பு ஆண்டினையும் செயலையும் கூறி அமைகிறது. அச்செயல் தோற்றவன் உள்ளத்தில் விளைத்த புண்ணை உரைப்பதில்லை. தமிழ்ப் பாடலோ அப்புண்ணை உரைக்கிறது, ஆண்டினைக் கூறுவதில்லை. ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் உளது. கடிமரம் தடிதலைப் புலவரின் புனைந்துரை எனத் தள்ளுவார்க்கு ஐரியக் குறிப்புகள் தடையாக நிற்கின்றன. புகழ்பாடும் நோக்கமின்றி எழுதப்பட்ட குறிப்பிலும் இச்செயல் இடம்பெறுதலின், இது போர்முறையாக நிகழக்கூடியதே என்பது பெறப்படும். குறிப்பிட்ட ஒரு தமிழ்ப் போரில் அது நிகழ்ந்தது என்பதற்கு இஃது உறுதியாகாது. இயலாதது என்னும் வாதத்தை மட்டுமே விலக்கும்.

வேற்றுமைகளையும் மறத்தலாகாது. வீழ்த்திய மரத்தை முரசாக்கும் வழக்கம் மேற்கூறிய ஐரியக் குறிப்புகளில் இல்லை. பகைவர் நாட்டை அழிப்பினும் கடிமரத்தை மட்டும் விட்டுவிடுக எனப் பாண்டியன் நன்மாறனைக் காரிக்கண்ணனார் வேண்டுகின்றார். அவர் கூறும் காரணம், அம்மரங்கள் அவனுடைய யானைகளுக்குக் கட்டுத்தறியாக ஆற்றா என்பதே. வேந்தனைப் புகழ்வதுபோல் மரத்தைக் காத்த புலமைத் திறம் அது. தலமரம் யாவும் கடிமரத்தின் வழிவந்தன என்றலும் பொருந்தாது. கடவுள் உறையும் மரம் சங்கப் பாடல்களிலேயே தனியே சுட்டப்படுகிறது.

ஒப்புமை கண்டவிடத்து உறவு கற்பித்தல் ஆய்வாளரை எளிதில் ஈர்க்கும் பிழையாகும். தமிழரும் கெல்டியரும் ஓரினத்தார் என்பதற்கு இம்மரங்கள் சான்றாகா. குலத்தலைமையும் பாடுநர் மரபும் ஓங்கிய சமுதாயங்களில் ஒத்த வழக்கங்கள் தனித்தனியே தோன்றக்கூடும். கைலாசபதி 1968-இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சமுதாய நிலையை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிடும் நெறிக்கு எடுத்துக்காட்டாகும். அவர் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். தாம்சன் கிரேக்கப் புலமையோடு ஐரிய மொழியிலும் வல்லவர். பிளாஸ்கெட் தீவு மக்களோடு பழகி, அவர்தம் வாய்மொழி மரபினை அறிந்தவர்.

நம் ஊர்தோறும் தலமரம், ஊர்ப்பெயர், குலவழக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே தொகுப்பார் இலர் எனினும் மிகையன்று. மூத்தோர் நினைவில் அவை உள்ளபோதே அத்தொகுப்பு நிகழ்தல் வேண்டும். மரம் பட்டுப்போன பின்னர்ப் பெயர் எஞ்சும். அப்பெயரின் காரணம் கூறுவார் எஞ்சார்.