உஷார்! ஒரே வாரத்தில் வெளுக்கும் முகம்

கல்யாணத் தேதி குறித்ததும் முகத்தை வெளுக்க வைக்க கிரீம் தேடுகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். தயாரித்தது யார் என்ற விவரம்கூட இல்லாமல் ஃபேன்சி ஸ்டோரிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிற டப்பாவில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும்.

வீண் பயமுறுத்தல் இல்லை இது. கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு 'நெல்-1' என்ற அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள் என்பதே ஆறுதல்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் அத்தனை வேகமாக வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலக்கிறது, ஆவியாகவும் பரவுகிறது. அம்மா பூசினால், கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடக்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இன்னொரு வில்லன் ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த கிரீம்கள் முதலில் பளபளப்பைக் காட்டும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள். இப்படிப்பட்ட பல கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டாயிற்று. கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது என்பதுதான் கொடுமை.

2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் 'நல்ல நிறம்' மாறவில்லை. பெண் பார்க்க வந்து, "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போகிற வாய்க்கும் இந்த நோயில் பங்கு உண்டு. இப்போது பையன்களும் இதில் சிக்குகிறார்கள்.

பெயர் தெரியாத கிரீமைப் பூசுகிறவர்கள் அதை இன்றே நிறுத்தி எடுத்துவையுங்கள். தூக்கி எறியாமல், இறுக மூடிக் கவரில் போட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணைச் சுற்றியோ காலிலோ வீக்கம் இருந்தால், சிறுநீர் நுரைத்துப் போனால், தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிரீம் பூசியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.