மாமல்லபுரத்துக்குச் சக்கர நாற்காலியில் போகும் முன்

மாமல்லபுரத்தில் சக்கர நாற்காலிக்காரருக்கு மிகவும் தோதான சிற்பம் அர்ச்சுனன் தபசுதான். டிக்கெட் கிடையாது, ஏறப் படியும் கிடையாது. சாலையோரம் நாற்காலியை நிறுத்தினால் முழுப் பாறையும் கண்ணுக்கு முன் விரியும். யானைக் கூட்டம், நாகர்கள், முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, எதையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் பெரும் பாறையையும் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் கிளம்பும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இரண்டும் தபசிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இடையில் உடைந்த நடைபாதை ஓரம், அதன்மேல் நிறுத்திய இருசக்கர வண்டி, கடையிலிருந்து வெளியே வந்து நிற்கும் கல் விநாயகர் என்று வழி நெடுகத் தடைகள். ரதங்கள் நிற்பதோ மணல் தரையில். நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் புதைந்துகொள்ளும். குன்றின் மேலுள்ள குடைவரைகளும் கலங்கரை விளக்கமும் படியும் பாறையுமாக இருப்பவை. அவற்றைத் தவிர்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வாசலில் சாய்தளம் வைத்துவிட்டு ‘வசதி செய்தாயிற்று’ என்று கணக்குக் காட்டுவது நம் அலுவலகங்களின் பழக்கம். பேருந்து நிறுத்தத்திலிருந்து டிக்கெட் கவுண்டர், அங்கிருந்து கழிப்பறை, அங்கிருந்து சிற்பம் வரை இடையில் ஒரே ஒரு அரையடிப் படி இருந்தாலும் அந்தச் சாய்தளத்துக்கு யாரும் போய்ச் சேரப்போவதில்லை. அதனால் உரிமை கேட்பவர் கோயில் வாசலோடு நிற்காமல் முழு வழியையும் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. பொதுமக்கள் வந்து போகும் அரசு, தனியார் கட்டடங்கள் இரண்டும் அதில் அடங்கும். வழிபாடு, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான இடங்களை அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது; பேருந்து நிலையமும் உண்டு. அதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது 45ஆவது பிரிவு. அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இங்கே ஒரு பதில் தயாராக வரும்: “இது பாதுகாக்கப்பட்ட சின்னம், கை வைக்க முடியாது.” பாதி உண்மை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பல்லவர் காலக் கல்லில் ஆணி அடிக்கச் சொல்லி எந்த மாற்றுத்திறனாளியும் கேட்கவில்லை. கல்லைத் தொடாமல் வைத்து எடுக்கக்கூடிய மரச் சாய்தளமும், மணல்மேல் விரிக்கும் பாயும் போதும். ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் 2020 டிசம்பரில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான புதிய மின்தூக்கியே இயங்கத் தொடங்கியது. அதுவும் மாமல்லபுரத்தைப் போல உலகப் பாரம்பரியச் சின்னந்தான். கழிப்பறைக் கதவின் அகலத்துக்கும் நடைபாதைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் பல்லவர் பெயரைச் சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

சாய்தளம் என்று எதையாவது காட்டினால் அளந்து பாருங்கள். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர், 60 செ.மீ. மேடைக்கு 7.2 மீட்டர். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழக்கூடும். கதவு திறப்புக்கு 90 செ.மீ. அகலம் வேண்டும். ஒரு டேப்பும் கைப்பேசிக் கேமராவும் போதும், நீங்களே தணிக்கையாளர்.

ஆபத்துகளில் முதலாவது உதவி செய்ய ஓடிவரும் நல்ல மனசு. நாலு பேர் சேர்ந்து கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள். பல நாற்காலிகளில் அது கழற்றி மாட்டும் பாகம், கையோடு வந்துவிடும், ஆள் கீழே விழுவார். பேட்டரி நாற்காலியைத் தூக்கவே விடாதீர்கள். எங்கே பிடிக்க வேண்டும், தூக்கலாமா வேண்டாமா என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் கை வைப்பது உதவி ஆகாது. மணலில் முன்னால் தள்ளாமல் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்தால் பெரிய சக்கரம் முதலில் போகும். செங்குத்தான சரிவில் இறங்கும்போதும் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும்.

வெயில் இன்னொன்று. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் சூடேறிவிடும். உணர்ச்சியில்லாத காலில் காய்ந்த பாறையோ உலோக மிதியோ பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையில் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. ஈரத் துண்டும், மிதியின்மேல் போட ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இருப்பாக இருந்தால் படுக்கைப்புண் வரும், அவ்வப்போது உடம்பைத் தூக்கி அல்லது சாய்த்து அழுத்தத்தை மாற்ற வேண்டும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாதது கழிப்பறை. பயணத்தன்று பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு அதைவிட நேர்வழி இல்லை. ஆகவே போவதற்கு முந்தைய நாள் விடுதிக்கும் உணவகத்துக்கும் போன் செய்து, “வசதி இருக்கா?” என்று கேட்காதீர்கள், “இருக்கு” என்றுதான் பதில் வரும். “கழிப்பறைக் கதவு எத்தனை இன்ச், வாசலில் எத்தனை படி?” என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் படத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் பிறகு சாட்சியாகும். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை, ஏற்ற சுற்றுலா என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு ஏமாற்றினால் அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

அரசு சார்ந்த குறை என்றால் அது யாருடைய இடம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கடற்கரைக் கோயிலும் ரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் கையில் இருப்பவை. அது மத்திய அரசுத் துறை. அங்குள்ள குறை டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். நடைபாதை, தெரு, பேருந்து நிலையம் என்றால் உள்ளாட்சியும் மாநிலத் துறைகளும் பொறுப்பு. சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். திங்கள்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போட்டு, “இந்த இடத்தில் அணுகல் தணிக்கை எப்போது நடந்தது, அறிக்கையின் நகல் தருக” என்று கேட்கலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். சட்டத்தை மீறியவருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் உண்டு. பலர் பார்க்க, வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஒருமுறை கட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே வரை போட்ட மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது. கடலோரத்தில் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத வசதி சில பருவங்கள்கூடத் தாங்காது. ஆகையால் மனுவில் ‘சாய்தளம் அமைக்கவும்’ என்பதோடு ‘பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?’ என்றும் ஒரு வரி சேருங்கள்.

புகாரில் “மிகவும் சிரமமாக இருந்தது” என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும், வேலை நடக்காது. இடம், தேதி, படியின் உயரம், படம், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஆணையர் பரிந்துரை அனுப்பினால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தை ஆணையருக்குச் சொல்ல வேண்டும், புகார் கொடுத்த உங்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும்.